ஒன்பதாம் நம்பர் படுக்கை

மேட்ரனுக்குத் தெரிந்த இன்ஸ்பெக்‌ஷன் ஒரே வகைதான். அதிகாரி வருகிறார் என்றால் தேய், கழுவு, வெள்ளையடி. முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் ஓட்டினாள். அவளுடைய வார்டுக்கு வந்து ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்த அதிகாரி ஒருவருக்குக்கூட விரலைத் துடைத்துக்கொள்ளும் வேலை இருந்ததில்லை. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. காய்கறிக்காரருக்கும் மேட்ரன், பஸ் கண்டக்டருக்கும் மேட்ரன், தாலி கட்டின போஸ்ட்மேனுக்கும் அவள் மேட்ரன்தான். அவரும் ஓய்வு பெற்றவர். ஊர்க் கடிதத்தையெல்லாம் சுமந்தும் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காத மனுஷன். வாயும் அப்படித்தான், ஒட்டின உறை.

அப்பேர்ப்பட்ட மேட்ரனைத்தான் எழுப்பியம்மன் கோயிலுக்குத் தலைவி ஆக்கியிருந்தார்கள். யாரைச் சொல்லி நோவது.

கோயில் ஆஸ்பத்திரியின் பின்மதிலை ஒட்டி இருக்கிறது. கோபுரமெல்லாம் கிடையாது. இருபது பேர் உள்ளே நின்றால் இருபத்தோராவது ஆள் தெருவில்தான். ஆனால் கதை பெரிசு. ஆஸ்பத்திரி வெறும் நான்கு தகரக் கொட்டகையாக இருந்த காலத்தில் ஒரு காய்ச்சல் வந்ததாம். படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. நோயாளிகளோடு கிடந்து உழைத்த ஆயாக்களையும் துணி வெளுப்பவர்களையும் வேறு எந்தக் கோயிலிலும் உள்ளே விடவில்லை, கூடவே காய்ச்சலும் வந்துவிடும் என்று பயம். அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு கல்லை நிறுத்தி, அம்மா என்று கூப்பிட்டார்கள். நிறுத்தினார்கள், உட்காரவைக்கவில்லை. அம்மன் இன்றைக்கும் நின்ற கோலம்தான். அவளுக்குப் பள்ளியறை இல்லை, தாலாட்டு இல்லை. டியூட்டியில் இருப்பவள் தூங்கலாமா? வார்டு விளக்கு மாதிரி அவள் விளக்கும் விடிய விடிய எரியும். அங்கே கேட்கிற வரமும் ஒன்றுதான்: படுத்தவரை எழுப்பு. வேலை, கல்யாணம், வீடு, வழக்கு, எதையும் அங்கே கேட்கக் கூடாது. கேட்டால் அம்மன் காதில் வாங்க மாட்டாள் என்பது ஐதீகம்.

அந்தக் கோயிலுக்குத்தான் நோட்டீஸ் வந்தது. புதுப் பாலத்திலிருந்து இறங்குகிற சாலை நேராகக் கோயில் தலைமேல் இறங்குகிறது. தப்பிக்க ஒரே வழி, கோயில் நூறு வருஷமாக அதே இடத்தில் வழிபாட்டில் இருக்கிறது என்று தொல்பொருள் துறை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சாலை வளையும். கொடுக்காவிட்டால் முப்பது நாளில் இடிப்பார்கள். வாய்க்கதை செல்லாது, கண்ணால் பார்க்கிற சான்று வேண்டும். பன்னிரண்டாம் நாள் அதிகாரி நேரில் வருவார் என்றது கடிதத்தின் கடைசி வரி.

மேட்ரன் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் ஒழுங்காகப் படித்தாள். பூசாரி எழுதி நீட்டிய மனுவில்கூடப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இருபத்திரண்டு வயதில் முதல் ஷிஃப்டுக்குப் போன காலையிலிருந்து, கடைசி ஷிஃப்டு முடிந்து சாவிக்கொத்தைக் கொடுத்த சாயங்காலம் வரைக்கும், அந்த வாசலில் ஒரு நிமிஷம் நிற்காமல் அவள் வார்டுக்குள் போனதில்லை. அம்மா, இன்னைக்கு என் கையில யாரும் போயிடக் கூடாது. அவ்வளவுதான் பிரார்த்தனை. சில நாள் போனார்கள். பல நாள் எழுந்தார்கள். அந்தக் கோயில் இல்லாத தெருவை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கை பரபரத்தது. அவள் கைக்குத் தெரிந்ததைத்தான் அது செய்தது.

கருவறைச் சுவரில் படிந்திருந்த எண்ணெய்க் கரியைச் சுரண்டி எடுத்து வெள்ளை டைல்ஸ் ஒட்டினாள். வாசல்படி நடுவில் கிண்ணம் மாதிரி தேய்ந்து கிடந்தது, வயசானவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று புதுக்கல் போடச் சொன்னாள். எழுந்து நடந்தவர்கள் தூணில் ஆணியால் கீறி வைத்திருந்த பெயர்களைத் தேய்த்துவிட்டு நீல பெயிண்ட் அடிக்கவைத்தாள். பூசாரி மட்டும், "மேட்ரனம்மா, அந்தக் கரியில ஒரு கைப்பிடி மூலையில இருக்கட்டுமே" என்று இழுத்தார். "கரியில கிருமி இருக்கும்" என்று அவர் வாயை அடைத்தாள். கிருமி என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் யாரிடமும் இல்லை.

அவள் சொல் எடுபடாத இடம் ஒன்றே ஒன்று. அபிஷேகத் தண்ணீர் கோமுகி வழியாக வெளியே வந்து, கல் ஓடையில் போய், பின்பக்கம் தரைக்கடியில் ஒரு சின்னக் கல்தொட்டியில் விழுந்து, அங்கிருந்து சாக்கடைக்குப் போகும். ஓடையையும் தொட்டியையும் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட பிளம்பரை ஏற்பாடு செய்திருந்தாள். அந்த ஆளுக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. எப்போது கேட்டாலும் வருகிற பதில் அது.

"ஓடை என்ன ஆச்சு?"

"நாளைக்கு முடிச்சிடலாம்மா."

பதினோரு நாளும் இதே பாட்டு. பதினோராம் நாள் மேட்ரன், "உன்னை மாதிரி ஒரு ஆள் என் வார்டுல இருந்திருந்தா பேஷண்ட்டுக்கு முன்னாடி உன்னைப் படுக்கையில போட்டிருப்பேன்" என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு தொட்டியின் கல்மூடி மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், தோளில் ஒரு பை, சத்தம் போடாத பேச்சு. மேட்ரன் கஞ்சி போட்ட புடவையில் வாசலில் நின்று வரவேற்றாள். கூட போஸ்ட்மேன், பூசாரி, ஓர் ஓரமாக பிளம்பர் 'நாளைக்கு'. அதிகாரி உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தூணைத் தடவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மேட்ரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார் அதிகாரி. "இங்க கரி படிஞ்ச சுவர் இருந்ததா மனுவுல எழுதியிருந்தீங்களே?"

"சுரண்டி எடுத்துட்டோம்."

"கரியை எங்க போட்டீங்க?"

"குப்பை வண்டியில."

"தேஞ்ச வாசல்படி?"

"உடைச்சு தரைக்கு அடியில ஜல்லியா போட்டாச்சு."

"தூண்ல பேரு, வருஷம் எல்லாம் கீறியிருந்ததாமே?"

மேட்ரன் நீல பெயிண்ட்டைக் கையால் காட்டினாள். பூசாரி தரையைப் பார்த்தார். அதிகாரி தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், வருத்தத்தோடு சொன்னார்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நூறு வருஷக் கோயிலை நீங்க பன்னிரண்டு நாள் கோயிலா மாத்திட்டீங்க. நான் இருக்கிறதைத்தான் எழுத முடியும். இன்னைக்கு நாலு மணிக்குள்ள அறிக்கை அனுப்பணும்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை மேட்ரன் டெட்டால் போட்டுக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படியே புதுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக அவளுடைய முதுகு வளைந்ததைப் போஸ்ட்மேன் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாது, நின்றார்.

"நானே இடிச்சிட்டேங்க" என்றாள் அவரிடம். "புல்டோசருக்கு இங்க வேலையே வைக்கலை நான். அவளைக் காப்பாத்தறேன்னு நானே துடைச்சு எடுத்துட்டேன்."

ஆற்றாமைக்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா. கண்ணில் பட்டவன் நாளைக்கு.

"நீ ஒருத்தன்தான் பாக்கி. உன் வேலையாவது முடிச்சியா?"

"இல்லம்மா."

"நாளைக்கா?"

மேட்ரனுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. அதனால்தான், பன்னிரண்டு நாளில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "ஏன்பா முடிக்கலை?"

"எங்க தொழில்ல ஒரு பேச்சு உண்டும்மா. ஓடுற தண்ணியில கை வைக்காதேன்னு." அவன் இப்போது நேராகப் பார்த்துப் பேசினான். "முதல் நாளே மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தொட்டி முக்கால்வாசி சேறு. ஆனாலும் தண்ணி ஒரு ஓரமா வழி கண்டுபிடிச்சு ஓடிட்டே இருக்கு. எந்தக் காலத்து ஆளோ, அப்படிச் சரிவு பார்த்துக் கல்லு போட்டிருக்கான். அதைப் பேத்துட்டு பிளாஸ்டிக் போட்டா மூணு மாசத்துல அடைச்சுக்கும். இதைச் சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் நாளைக்குன்னு சொன்னேன்."

மேட்ரன் எழுந்தாள். "அப்போ அங்க எதையுமே மாத்தலை நீ?"

"ஒரு கல்லைக்கூட அசைக்கலைம்மா."

தெரு முனையில் அதிகாரி ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். மேட்ரன் ஓடினாள். கஞ்சி போட்ட புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூட்டுவலியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி ஓடினாள். "அம்மா, ஒண்ணு மிச்சம் இருக்கு" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "சுத்தம் பண்ணாத இடம் ஒண்ணு இருக்கு. சாக்கடைதான். பாக்கறீங்களா?"

அந்தச் சொல்லைக் கேட்டு முகம் மலர்ந்த ஒரே அதிகாரி உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும்.

நாளைக்கு கல்மூடியைப் புரட்டினான். அதிகாரி பையிலிருந்து சின்னக் கரண்டியும் தூரிகையும் அளவுகோலும் எடுத்தார். மேட்ரன் தன் கைப்பையிலிருந்து இரண்டு ஜோடி ரப்பர் கையுறை எடுத்தாள், அவள் பை அதில்லாமல் கிளம்பாது. பூசாரி ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தார். அதிகாரி சேற்றை மேலிருந்து விரல் கனம் விரல் கனமாக எடுத்துத் தட்டில் வைக்க, கேட்பதற்கு முன்பே மேட்ரன் துணியும் தண்ணீரும் நீட்டினாள். ஆபரேஷன் தியேட்டரில் நின்ற கை அல்லவா.

ஒரு சாண் ஆழம் வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் திருநீறும் மஞ்சளும் இறுகின களிமண் தவிர ஒன்றுமில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. "இன்னும் கொஞ்சம்" என்றாள் மேட்ரன். கேட்டது அதிகாரியிடமா, உள்ளே நிற்பவளிடமா என்று அவளுக்கே தெரியாது.

அப்போது கரண்டியில் டிக் என்று ஏதோ பட்டது.

ஒரு பித்தளை வில்லை. உள்ளங்கையில் பாதி இருக்கும், ஓரத்தில் ஓட்டை. மேட்ரன் கட்டைவிரலால் தேய்த்தாள். 'ஆண்கள் வார்டு, 9' என்று எழுத்து தெரிந்தது. கீழே ஒரு வருஷம், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓடியது. அதைப் படித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"என்னம்மா இது?" என்று கேட்டார் அதிகாரி.

"படுக்கை வில்லை" என்றாள் மேட்ரன். "அந்தக் காலத்துல ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் கையில கட்டுவோம். வீட்டுக்குப் போறப்ப திருப்பிக் கொடுக்கணும். ஆனா வருஷா வருஷம் காணாமப் போகும். புதுசா அடிக்கிறதுல அந்த வருஷத்தைக் குத்திடுவாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம், இனி கட்டுப்படியாகாதுன்னு நிறுத்திட்டுத் துணிப்பட்டை கொண்டுவந்தாங்க." அவள் குரல் இறங்கியது. "பதிவேட்டுல காணவில்லை, காணவில்லைன்னு எழுதி எழுதி என் கையே வலிச்சிருக்கு."

அதற்கப்புறம் வில்லைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு விரல் கனம் சேறு, நாலு வில்லை. இன்னொரு விரல், ஏழு. பெண்கள் வார்டு 3. காய்ச்சல் வார்டு 22. குழந்தைகள் வார்டு 5. ஆழம் போகப் போக வருஷம் பின்னால் போனது. ஒன்றுகூட வரிசை மாறவில்லை. அதிகாரி ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, எண் போட்டார். நாளைக்கு மூச்சுவிடக்கூட மறந்து குனிந்திருந்தான். அடிக்கல்லை ஒட்டிக் கிடந்த கடைசி வில்லையில் வார்டு பெயரே இல்லை. 'கொட்டகை 2, 14' என்றிருந்தது, கீழே வருஷம். அதிகாரி மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நூத்தி நாலு வருஷம்."

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேட்ரன் அழவில்லை, கண்ணில் சேறு பட்டுவிட்டது என்றாள்.

ஆனால் அதிகாரி எழுதத் தொடங்கவில்லை. பேனாவைத் திறந்தபடி யோசித்தார். "ஒரு சிக்கல் இருக்கு. பக்கத்துலயே ஆஸ்பத்திரி. பழைய சாமானை யாராவது இந்தத் தொட்டியில கொட்டினாங்கன்னு மேலிடத்துல கேட்டா? இது அம்மன் காலடியில வெச்சது, அபிஷேகத் தண்ணியில அடிச்சுட்டு வந்ததுன்னு யாராவது சொல்லணும். வெச்சவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

மணி மூன்று.

மேட்ரன் தட்டிலிருந்த வில்லைகளைப் பார்த்தாள். எங்கே போய்த் தேடுவது? வில்லையைக் கொண்டுபோவது அரசாங்கச் சொத்துத் திருட்டு. எவன் வந்து ஒத்துக்கொள்வான்?

"நான் வெச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள். போஸ்ட்மேன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "அந்த ஒன்பதாம் நம்பர். என்னுதுதான்."

"உங்களுதா?" என்றாள் மேட்ரன்.

"டைபாய்டுல கிடந்தேனே, உன் வார்டுல. எழுந்திரிக்க மாட்டேன்னு பெரிய டாக்டரே சொன்னாராம். பத்தாம் நம்பர்ல இருந்தவர்தான் சொன்னார், எழுந்து நடந்தா வில்லையை அம்மன் காலடியில வெச்சிடணும்னு. அவருக்கு, அந்தப் படுக்கையில முன்னாடி இருந்தவர் சொன்னதாம். படுக்கைக்குப் படுக்கை ரகசியமா வந்த பேச்சு அது. நர்ஸுங்க காதுக்கு மட்டும் போகக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு எனக்குக் கால் நிக்கலை. வார்டு ஆயாம்மாதான் தோள் கொடுத்து இங்க கூட்டிட்டு வந்தாங்க."

"ஆயாம்மாவா?"

மேட்ரனுக்கு அந்தப் பதிவேட்டின் பக்கமே கண்முன் வந்தது. 9, காணவில்லை, ஆயா மேல் சந்தேகம். எழுதியது அவள் கை. பித்தளையை எடைக்குப் போட்டாயா என்று வார்டு நடுவில் வைத்துக் கேட்டதும் அவள் வாய். ஆயாம்மா அப்போது, "நான் எடுக்கலைம்மா. எடுத்தவங்க நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு மாதம் துணி வெளுக்கிற இடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். காட்டிக்கொடுக்கவே இல்லை. இப்போது அவள் இல்லை, போய் இருபது வருஷமாகிறது.

"அவங்களைத் திட்டினேனே" என்றாள் மேட்ரன். "நீங்க ஏன் சொல்லலை?"

"அப்போ எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆயாம்மாகிட்ட போய், சொல்லிடறேன்னு சொன்னேன். சொல்லாதேன்னுட்டாங்க. சொன்னா அந்தப் பொண்ணு நாளையிலேர்ந்து வில்லையை எண்ணி வாங்கும், எழுந்தவங்க கடன் அம்மாகிட்ட சேராதுன்னாங்க. வாக்குக் கொடுத்துட்டேன். பிரிக்காம வெச்சிருந்தேன், இன்னைக்கு வரைக்கும்."

அதிகாரி பேனாவை ஓட்டிக்கொண்டே கேட்டார்: "வெச்சப்ப என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு சொல்லலாமா? அறிக்கையில சேர்க்கத்தான்."

போஸ்ட்மேன் மேட்ரனை ஓரக்கண்ணால் பார்த்தார். "எழுப்பிவிட்டதுக்கு நன்றி சொன்னேன். அப்புறம், கேட்கக் கூடாதுன்னு தெரிஞ்சும், ஒண்ணு கேட்டேன். இந்த நர்ஸையே எனக்குக் கொடுத்துடுன்னு."

"அங்க வேற வரம் கேட்கக் கூடாதே" என்று பூசாரி பதறினார்.

"கேட்டேன், கொடுத்துட்டா. நாப்பத்தொரு வருஷமா அனுபவிக்கிறேன்" என்றார் போஸ்ட்மேன். நாளைக்குதான் முதலில் சிரித்தான். அப்புறம் அதிகாரி. கடைசியில், சேற்றுக் கையுறையால் வாயை மூடிக்கொண்டு, மேட்ரன்.

மூன்றே முக்காலுக்கு அறிக்கை போனது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வில்லைகள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் காணவில்லை என்று இருந்த அத்தனை பேரும் எழுந்து தம் காலால் நடந்து போனவர்கள் என்று அதிகாரி எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் மேட்ரன் அம்மன் முன்னால் நின்று, ஆயாம்மாவின் பெயரைச் சொல்லி, எல்லோர் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டாள்.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. சாலை நாற்பதடி தள்ளி வளைகிறது, கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். தெரு முழுக்கக் கோயில் வாசலில் கூடிவிட்டது, இருபத்தோராவது ஆளிலிருந்து இருநூறாவது ஆள் வரைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் நாலு பேர் வந்தார்கள். நாளைக்கை யாரோ தோளில் தூக்கிவிட்டார்கள். ஓடையில் எப்போது கை வைக்கப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் மேட்ரனே முந்திக்கொண்டு, "என் உயிர் இருக்கிற வரைக்கும் கிடையாது" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் கருவறைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். விளக்குக்கு நேர் மேலே வெள்ளை டைல்ஸில், இந்த ஆறு வாரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. பூசாரி பயந்துபோய்த் துணியைத் தேடினார். மேட்ரன் வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தக் கரியைத் தொட்டுக் கொடுக்கச் சொல்லி விரலை நீட்டினாள்.

வீட்டு வாசலில் போஸ்ட்மேன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நெத்தியில என்னமோ அழுக்கு."

"இருக்கட்டும்" என்றாள் மேட்ரன்.